ஒரே கம்பனிப் போன்

அத்தியாயம் 11

பொங்கலுக்கு மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஒரு பெண் தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில் வந்து நின்று, "வீரம்மா ஊடு எது?" என்று கேட்டாள். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த லோஜினி எழுந்தாள். அது அவள் அம்மாவின் பெயர்.

வீரம்மா குவைத்துக்குச் சமையல் வேலைக்குப் போய் இரண்டு வருடமும் நான்கு மாதமும் ஆகியிருந்தன. முதலில் போன வீட்டின் விலாசம் இருந்தது. போன ஆனியில் அந்த வீட்டுக்காரர்கள் அவளை வேறொரு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டாவது வீடு எங்கே இருக்கிறது என்று இங்கே யாருக்கும் தெரியாது. தீபாவளியோடு அவளுடைய போனும் நின்றது. அனுப்பிய ஏஜென்சியின் கதவில் பூட்டுத் தொங்கியது. வெளிநாட்டு வேலைக்குப் போனவர்களைக் கவனிக்கிற கொழும்பு ஆபிஸில், இப்போது இருக்கிற வீட்டின் விலாசம் இருந்தால்தான் ஆளைத் தேடலாம் என்றார்கள். லோஜினி, அவள் அண்ணன் ஜீவராஜ், அப்பா மூக்கன் மூவரும் இரண்டு மாதமாக அந்த ஒரு விலாசத்துக்காகத்தான் நாயாய் அலைந்தார்கள்.

வந்தவள் பெயர் ராக்காயி. நோர்வூட் பக்கத்துத் தோட்டம். குவைத்திலிருந்து வந்து நான்கு நாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு தீப்பெட்டியை எடுத்தாள். தீப்பெட்டிக்குள் பஞ்சு. பஞ்சுக்குள் போனில் போடுகிற ஒரு மெமரி கார்டு.

"ஒங்கம்மா குடுத்தா. ஆஸ்பத்திரியில வச்சுக் கண்டேன். தமிழ் கொரல் கேட்டுச்சு, திரும்பிப் பாத்தேன். பத்து நிமிசம்கூட இல்ல. கூட வந்த ஆளு பில்லு கட்டப் போன நேரத்துல, போன்ல இருந்து இதக் கழட்டி என் கைக்குள்ள திணிச்சா."

"அம்மா எப்பிடி இருந்தாங்க?"

"கையில கட்டு. என்னா புள்ளன்னு கேட்டேன். எண்ணெ தெறிச்சதுன்னா." ராக்காயி தன் கையை நீட்டிக் காட்டினாள். "எண்ணெ பொறங்கையில தெறிக்கும். கட்டு உள்ளங்கையில இருந்துச்சு."

லோஜினி பாத்திரம் கழுவிய ஈரக் கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"ஊடு எங்கேன்னு சொன்னாங்களா?"

"அவளுக்கே தெரியல. எல்லாம் இதுல இருக்குன்னா. ஜீவா போன்ல போட்டாலும் சரி, ஊட்டுப் போன்ல போட்டாலும் சரி, பேசும்னா. பொங்கலுக்கு முந்தியே குடுத்துருன்னு சொன்னா. என்னைய அங்க இருந்து ஏத்தி விடவே பிந்திருச்சு. வந்ததும் காய்ச்சல்ல படுத்துட்டேன். என்மேல கோவிச்சுக்காத."

வீரம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். முன்பெல்லாம் அரபு நாட்டுக்குப் போன தோட்டத்துப் பெண்கள் கசட்டில் பேசி, ஊர் திரும்புகிறவள் கையில் கொடுத்துவிடுவார்கள். லயமே கூடி உட்கார்ந்து கேட்கும். கசட் போய் இப்போது கார்டு.

லோஜினி கார்டைக் கையில் எடுத்தாள். மற்றப் போன்களின் கார்டு சுண்டுவிரல் நகம் அளவு இருக்கும். இது அதைவிட இரண்டு மடங்கு நீளம். மெரிடோ கம்பனியின் கார்டு. மெரிடோ போனைத் தவிர வேறு எதற்குள்ளும் நுழையாது.

அவள் வீட்டில் இப்போது மெரிடோ போன் இல்லை.

அம்மா புறப்படும்போது ஜீவராஜ் ஒரே மாதிரி மூன்று மெரிடோ போன் வாங்கினான். அம்மாவுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று. லயத்தில் அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவில் இருப்பது ஒரே பிளக். ஒரே சார்ஜர் போதும், பெட்டரியை மாற்றிப் போடலாம், அம்மா அனுப்புகிற கார்டை எந்தப் போனிலும் போட்டுக் கேட்கலாம். பிறகு ரேடியோவும் அந்தக் கம்பனியிலேயே எடுப்போம், அப்பாவுக்குச் சத்தமாகக் கேட்கும் என்றான். "வேற கம்பனி சாமான் இந்த ஊட்டுக்குள்ள வந்தா நான் வரமாட்டேன்" என்று சத்தியம் வேறு செய்தான்.

தீபாவளி வாரம் சார்ஜர் எரிந்தது. பொகவந்தலாவையில் மெரிடோ சார்ஜர் இல்லை. ஹட்டனிலும் இல்லை. போன் பத்து நாள் செத்துக் கிடந்தது. பன்னிரண்டு வீடு உள்ள லயத்தில் பதினொரு வீட்டில் மெல்லிய ஊசி சார்ஜர் இருந்தது, ஒன்றுகூட இதற்குப் பொருந்தவில்லை. அந்தப் பத்து நாளில் அம்மா எத்தனை தடவை அடித்தாளோ? பதினோராம் நாள் லோஜினி பொகவந்தலாவை பசாருக்குப் போய், செல்லசாமி கடையில் மெரிடோவைக் கொடுத்து, ஊரெல்லாம் வைத்திருக்கிற கம்பனிப் போன் ஒன்றை மாற்றி வாங்கினாள். இனி அம்மாவின் ஒரு கோல்கூடத் தவறக் கூடாது என்றுதான் மாற்றினாள். அப்பாவுக்குத் தெரியும். அண்ணனிடம் சொல்லவில்லை.

"பாப்பா! யாரு வந்திருக்கா?" உள்ளேயிருந்து அப்பா கத்தினார். முப்பத்திரண்டு வருடம் தேயிலைப் பெக்டரியில் ரோலர் மெசினுக்குப் பக்கத்தில் நின்ற காது. மூக்கன் பேசுவதே கத்துவதுதான்.

லோஜினி கார்டை அவர் முகத்துக்கு முன்னால் பிடித்தாள். "அம்மா அனுப்பியிருக்காங்க!"

மூக்கன் கார்டைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். விஷயம் விளங்கியது.

"ஜீவாகிட்ட இருக்குல்ல. சட்டைய எடு, போவோம்."

*

ஹட்டனில் மணிக்கூட்டுக் கோபுர வீதிக்குப் பின்னால் ஒரு கொமினிகேஷன் கடையில் ஜீவராஜ் வேலை செய்தான். போட்டோப் பிரதி எடுப்பது, ரீலோட் போடுவது, போன் திருத்துவது. அப்பாவும் தங்கச்சியும் ஒன்றாய் வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது.

"என்னா? அம்மாவுக்கு என்னா?"

லோஜினி தீப்பெட்டியைத் திறந்தாள். "ஒன் போன எடு. சீக்கிரம்."

ஜீவராஜ் கார்டைத் தொடவில்லை.

"ஊட்டுப் போன்ல போட்டுப் பாத்தியா?" என்றான்.

"ஒன் போன எடுன்னேன்."

"ஊட்டுப் போனுக்கு என்னா?"

"சார்ஜ் இல்ல," என்றாள் லோஜினி. பொய் சொல்லும்போது அவள் கண் கவுண்டர் கண்ணாடியில் இருந்தது. "எடேன் அண்ணே. என்னா பாத்துக்கிட்டு நிக்கிற?"

கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஜீவராஜ் மேசைக்குக் கீழே கைவிட்டுத் தன் போனை எடுத்து வைத்தான். வெள்ளி நிறம். பக்கத்தில் மெல்லிய ஊசித் துளை.

லோஜினிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"மெரிடோ எங்க?"

"டிஸ்பிளே போயிருச்சு. பார்ட்ஸ் இல்ல. கொழும்புலயும் இல்லங்குறான். ஆவணியிலயே மாத்திட்டேன்."

"ஆவணியிலயா? தீபாவளிக்கு வந்தப்ப, மாத்தாதீங்க மாத்தாதீங்கன்னு எங்களுக்குப் பாடம் எடுத்தியே. அப்ப ஒன் சட்டப் பையில இருந்தது இதுதானா?"

"நான்தான் மாத்துனேன், நீங்களாவது வச்சிருங்கன்னுதான் சொன்னேன்."

"இவரு மாத்துவாராம், நாங்க காவல் இருக்கணுமாம்."

"நீ மட்டும் என்னா? சார்ஜ் இல்லையாம். காட்டு போன. காட்டு!"

லோஜினி காட்டினாள். அதுவும் வெள்ளி நிறம். அதிலும் ஊசித் துளை. இரண்டு போனும் கவுண்டரில் பக்கத்துப் பக்கமாகக் கிடந்தன. அப்படிப் பார்த்தால் அண்ணனும் தங்கச்சியும் ஒரே கம்பனிக்குத்தான் மாறியிருந்தார்கள்.

மூக்கனுக்குப் பேச்சு பாதிதான் கேட்டது. பார்த்ததே போதுமாக இருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து அவ வாய அடைச்சிட்டீங்கடா," என்று கத்தினார். "நானும்தான். நானுந்தான் சரின்னேன்."

ஜீவராஜ் கடையில் இருந்த கார்ட் ரீடரில் போட்டுப் பார்த்தான். நுழையவில்லை. போட்டோ ஸ்டூடியோவுக்கு ஓடினான். அங்கேயும் இதற்கான ரீடர் இல்லை. நான்கு போன் கடையில் கேட்டான். ஒருவன் சிரித்தான்: "மெரிடோவா? அத இன்னும் வச்சிருக்கவங்கள நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன். எங்கிட்ட ரெண்டு கவர் மிச்சம் கிடக்கு."

திரும்பி வரும்போது மணி பதினொன்று. லோஜினி அதற்குள் செல்லசாமிக்குப் போன் அடித்திருந்தாள். அவள் கொடுத்த மெரிடோ விற்றுப்போயிருந்தது. வாங்கியவன் அழகன். மலையடிவாரத்து நல்லதண்ணியில் யாத்திரைச் சீசன் கடை போட்டிருக்கிறான், பாலத்துக்கு இந்தப் பக்கம், கம்பளித் தொப்பி விற்கிற கடை. நம்பர் செல்லசாமியிடம் இல்லை.

"அவன் வித்திருந்தா?" என்றான் ஜீவராஜ்.

"வாங்குனவன்கிட்ட போவோம். அவன் வித்திருந்தா அடுத்தவன்கிட்ட போவோம். ஏறு பஸ்ல."

*

மஸ்கெலியா தாண்டிய பிறகு பஸ் ஏரிக்கரையைச் சுற்றிச் சுற்றிப் போனது. மூவரும் மூன்று சீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் நிறைய யாத்திரைக் கூட்டம், வெள்ளை உடுப்பு, பாட்டு. லோஜினி தீப்பெட்டியைக் கைக்குள் பொத்திக்கொண்டு, அம்மா அந்தக் கார்டில் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தாள். பிறகு யோசிப்பதை நிறுத்தினாள். யோசித்தால் உள்ளங்கைக் கட்டு கண்ணுக்கு முன்னால் வந்தது.

அழகன் கடையைத் தேடவே வேண்டியிருக்கவில்லை. பக்திப் பாட்டு பாலம் வரைக்கும் கேட்டது. சத்தம் மெரிடோவிலிருந்து வந்தது. அந்தப் போனின் நல்ல குணம் அது ஒன்றுதான், தொண்டை பெரிது. கடைக்கூரையில் கட்டித் தொங்கவிட்டிருந்தான்.

கதையை ஜீவராஜ் சொன்னான். அழகன் பாதியிலேயே போனை அவிழ்த்தான்.

"சாமி பாக்க வர்றவங்க செருப்பத் தொலைச்சிட்டுத் தேடுவாங்க. குடுத்த போனத் தேடி வந்த ஆளு நீங்கதான். இந்தாங்க, பாருங்க. ஆனா பெட்டரி ஒரு கோடுதான் இருக்கு. கரண்ட் போயி ரெண்டு மணி நேரமாச்சு."

"சார்ஜர் இருக்கா ஒங்ககிட்ட?" என்றாள் லோஜினி.

"சார்ஜரா? இதுக்கா?" அழகன் ஒரு பிளாஸ்டிக் சாமானைக் காட்டினான். துணிக் கவ்வி போல வாய் திறக்கும். பெட்டரியைக் கழற்றி அதன் வாயில் வைத்துக் கவ்வவிட்டால் சார்ஜ் ஏறும். "எந்தப் பெட்டரினாலும் கவ்வும். கம்பனி கிடையாது, பேரு கிடையாது. கரண்டு இருந்தா போதும்."

ஜீவராஜ் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். போன் கடையில் வேலை செய்கிறவன். தீபாவளி வாரம் இதில் ஒன்றைத் தங்கச்சிக்கு அனுப்பியிருக்கலாம். கீழே வைத்தான்.

லோஜினி பாட்டுக் கார்டை உருவி, அம்மாவின் கார்டைத் தள்ளினாள். டிக் என்று உள்ளே உட்கார்ந்தது.

நான்கு குரல் பதிவு. ஒரு படம்.

முதல் பதிவில் வெறும் மூச்சுச் சத்தம். எங்கோ பாத்திரம் விழுந்தது. அவ்வளவுதான். பேசத் தொடங்கி நிறுத்தியிருக்கிறாள்.

இரண்டாவது:

"ஜீவா. அம்மா பேசுறேன். சத்தமா பேச ஏலாது. போன அரிசிச் சாக்குக்குள்ள வச்சிருக்கேன். சிம்மப் புடுங்கிட்டாங்க, கோல் எடுக்க ஏலாது. சம்பளம் ஆறு மாசமா இல்ல. பாஸ்போட்டு அவங்ககிட்ட. ஊடு மூணு மாடி. வேற எதுவும் தெரியல. குப்ப கொட்டப் போற எடத்துல, கேட்டுப் பக்கத்துல ஒரு போர்டு இருக்கு. என்னா எழுதியிருக்குன்னு தெரியல. படம் புடிச்சிருக்கேன். அத வச்சு ஆளப் புடிங்க."

மூன்றாவது:

"அந்தப் போன மாத்திராதீங்க. மாத்துனா இது ஒங்களுக்குக் கேக்காது. நான் இன்னொண்ணு அனுப்புனாலும் கேக்காது. தங்கச்சிகிட்ட சொல்லு."

ஜீவராஜ் வேறு பக்கம் பார்த்தான். மூக்கன் போனை வாங்கித் தன் காதில் வைத்து அழுத்திக்கொண்டார். தலையை ஆட்டினார், சரி சரி என்றார். பதிவு முடிந்த பிறகும் ஆட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை என்பது மற்ற மூவருக்கும் தெரிந்தது.

"என்னாடா சொல்றா?" என்று கடைசியில் கேட்டார்.

"நல்லா இருக்காங்களாம்!" என்று ஜீவராஜ் அவர் காதுக்குள் கத்தினான்.

"பொய் சொல்லாத."

நான்காவது பதிவை லோஜினி போட்டாள்.

"பொங்கல் முடிஞ்ச வெள்ளிக்கிழம என்னைய வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்களாம். பக்கத்து ஊட்டு சிங்கள அக்கா சொன்னா. ரொம்பத் தூரமாம். அதுக்கு முந்தி."

அதோடு நின்றது.

இன்று புதன்.

"படத்தத் திற," என்றான் ஜீவராஜ். "படம் தெறக்குறப்ப சார்ஜ் குடிக்கும். அழகண்ணே, பேப்பர் ஏதாவது!"

அழகன் ஊதுபத்திப் பெட்டி ஒன்றின் மட்டையைக் கிழித்து, கணக்கெழுதும் பேனாவோடு கொடுத்தான். லோஜினி தரையில் குந்தினாள். திரையில் நீல நிறப் பலகை, பாதிக்கு மேல் கேட்டின் நிழல். அரபு எழுத்து. எது தொடக்கம் எது முடிவு என்றே தெரியவில்லை. ஒரு கொக்கி, அதற்குக் கீழே இரண்டு புள்ளி, ஒரு கோடு, ஒரு வட்டம்.

"அந்த வட்டம் சைபர்," என்றான் ஜீவராஜ்.

"நீ வாசிக்காத. நான் வரையிறேன்."

"புள்ளி மூணு இருக்கு பாரு."

"பாக்குறேன். கைய எடு, வெளிச்சத்த மறைக்காத."

திரை மங்கும்போதெல்லாம் அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். ஒவ்வொரு கோட்டையும் இருக்கிற மாதிரியே இறக்கினாள். மூன்று வரி. வரைந்து முடித்து ஒரு தடவை சரிபார்த்தாள். இரண்டாம் வரியில் ஒரு புள்ளி விடுபட்டிருந்தது. வைத்தாள்.

மட்டை ஜீவராஜின் கைக்குப் போனது. மூன்று வரி அழுக்கு மாதிரித்தான் இருந்தது. ஆனாலும் அது ஒரு விலாசம்.

"நாளைக்குக் காலைல கொழும்பு ஆபிஸ்ல இருக்கணும்," என்றான். "இன்னைக்கு ராத்திரி ரயில். நாலேகால் பஸ்ஸுக்குப் போனா சரி."

*

பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருக்கும்போது சண்டை தொடங்கியது.

"போன வாங்கிட்டுப் போவோம்," என்றாள் லோஜினி.

"எதுக்கு? எழுதியாச்சே. கார்ட மட்டும் எடு."

"ஆபிஸ்ல நம்பலன்னா? அம்மா கொரல எதுல போட்டுக் காட்டுவ? அம்மா இன்னொரு கார்டு அனுப்புனா எதுல கேப்ப?"

"லோஜினி, அந்தக் கம்பனியே செத்துருச்சு. சார்ஜர் இல்ல, பார்ட்ஸ் இல்ல. நான் சொல்றேன், போன் கடைல இருக்கிறவன் சொல்றேன். அத நம்பி இனி ஒண்ணும் செய்ய ஏலாது."

"நீதான ஆரம்பிச்ச? ஒரே கம்பனி, ஒரே கம்பனின்னு அம்மா தலைல கட்டி அனுப்புனது யாரு? அவங்க அத நம்பிக்கிட்டு அரிசிச் சாக்குக்குள்ள ஒளிச்சு வச்சுப் பேசியிருக்காங்க. அவங்க மாத்தல. நாமதான் மாத்துனோம்."

"நான் அப்ப சொன்னது தப்பு. இப்ப ஒத்துக்குறேன். போதுமா?"

"எனக்கு நீ ஒத்துக்க வேணாம். போன் வேணும்."

அழகன் நடுவில் வந்தான். "தங்கச்சி, எனக்கும் யாவாரம் இருக்கு. பாட்டு இல்லன்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான். சும்மா குடுக்க ஏலாது."

லோஜினி தன் போனை நீட்டினாள். ஊரெல்லாம் வைத்திருக்கிற கம்பனி. காலையில் முழுசாகச் சார்ஜ் ஏற்றியது. மூன்று கோடு நின்றது. "இத வச்சுக்கங்க. பாட்டு இதுலயும் கேக்கும்."

அழகன் அதை வாங்கிப் பார்த்தான். அவனுக்கு லாபம், அது அவன் முகத்திலேயே தெரிந்தது. மனசாட்சிக்கு ஒரு வார்த்தை சொல்லிவைத்தான்: "மெரிடோ பெட்டரி வீக். காலைல போட்டா மத்தியானம் வரைக்கும்தான். பொறகு வந்து சண்ட புடிக்கக் கூடாது."

"அப்பா, நீங்க சொல்லுங்க!" என்று ஜீவராஜ் கத்தினான்.

மூக்கனுக்கு என்ன கேட்டதோ. "அவ எதுல பேசுனாளோ அத விட்டுட்டு வராதீங்க," என்றார்.

முடிந்தது. லோஜினி தன் போனிலிருந்து சிம்மைக் கழற்றினாள். அம்மாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அந்த சிம்மில் இருந்தது. கழற்றிய கையாலேயே அதை மெரிடோவில் போட்டாள். அந்த அவசரத்தில் அது மூவருக்கும் சரியாகத்தான் பட்டது.

*

நாலேகால் பஸ் நாலரைக்குக் கிளம்பியது. மலையிலிருந்து இறங்கியவர்கள் சீட்டில் விழுந்து தூங்கினார்கள். ஏரிக்கரை வளைவுகளில் சிக்னல் வரும், போகும். லோஜினி போனைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

தேயிலை மலை ஒன்றைச் சுற்றி பஸ் திரும்பியபோது சிக்னல் முழுசாக வந்தது. அடுத்த நொடி போன் அடித்தது. அழகன் வைத்திருந்த அதே தொண்டை. தூங்கியவர்கள் எழுந்தார்கள். திரையில் நீளமான வெளிநாட்டு நம்பர்.

"ஹலோ! அம்மா?"

"பாப்பா." கிசுகிசுப்பு. "ஜீவா இருக்கானா? கார்டு கெடச்சிச்சா?"

"கெடச்சிச்சு! கேட்டோம். போர்டுல இருந்தத எழுதிக்கிட்டோம். நாளைக்கு அண்ணே கொழும்புக்குப் போகுது."

"அந்த ஊடு இல்ல பாப்பா. இன்னைக்குக் காலைல மாத்திட்டாங்க. வெள்ளின்னாங்க, இன்னைக்கே. இது வேற இடம். ரோட்டுல வண்டிக்காரன் போன வாங்கிப் பேசுறேன். இந்த எடத்துப் பேரு அவன்கிட்டயே கேட்டேன். நல்லாக் கேட்டுக்க. இது..."

போன் மூன்று தடவை கூவியது. திரை அணைந்தது.

"அம்மா! அம்மா!"

அவள் கருப்புத் திரையைப் பார்த்து இரண்டு தடவை கூப்பிட்டாள். பொத்தானை அமுக்கினாள். மெரிடோவின் பெயர் ஒரு நொடி வந்து, மறுபடி அணைந்தது.

"குடு, சிம்மக் குடு!" ஜீவராஜ் பின் சீட்டிலிருந்து பாய்ந்து வந்தான். தன் போனைப் பிரித்தான். பஸ் வளைந்தது. பெட்டரி கீழே விழுந்து யாரோ ஒருவரின் பைக்கு அடியில் போனது. குனிந்து தடவி எடுத்தான். சிம்மை மாற்றினான். போன் உயிர் பெற்றது. சிக்னல் இல்லை. பஸ் அந்த வளைவைத் தாண்டிவிட்டிருந்தது.

லோஜினி மேல்கம்பியில் கையால் அடித்தாள். "நவத்தன்ன! நிப்பாட்டுங்க! எறங்கணும்!"

டிரைவர் சிங்களத்தில் திட்டிக்கொண்டே நிறுத்தினான். "இங்க என்னா இருக்கு எறங்குறதுக்கு?" என்றான் கண்டக்டர்.

"சிக்னல்," என்றாள்.

மூவரும் இறங்கினார்கள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டான்: "வர்றீங்களா, இல்லையா? மூணு பேரும் இப்பிடி ரோட்டுல நின்னா நான் என்னான்னு பெல்லடிக்கிறது?"

"என்னா சொன்னா? எங்க இருக்காளாம்?" என்று மூக்கன் கத்தினார்.

"சொல்ல வந்தாங்க அப்பா! அதுக்குள்ள போன் செத்துருச்சு!"

ஒரு மணி நேரத்துக்கு முன்னால் அவள் மூன்று கோடு சார்ஜ் உள்ள போனைத் தூக்கிக் கொடுத்திருந்தாள். ஜீவராஜ் அதைச் சொல்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவளுக்கு லேசாக இருந்திருக்கும்.

"நீ பஸ்ல ஏறு," என்றாள் அவனிடம். "மட்டையக் கொண்டு போ. பழைய ஊட்டுக்காரனப் புடிச்சா, யாருக்குக் குடுத்தான்னு அவன் வாயால வரும். ஒனக்குத்தான் சிங்களம் ஒழுங்காத் தெரியும்."

"போன் இல்லாம கொழும்புக்கா? செக்பொயிண்ட்ல ஆமிக்காரன் நிப்பாட்டுனா யாருக்குச் சொல்றது? நீ எங்க இருக்கன்னு எப்பிடித் தெரியும்?"

"தெரியாது. போன் எங்கிட்ட இருக்கணும். அம்மா திரும்பி எடுத்தா இந்த நம்பருக்குத்தான் எடுப்பாங்க."

அவன் மெரிடோவைக் காட்டினான். "அம்மா எடுத்த நம்பர் இதுக்குள்ளதான இருக்கு? சார்ஜ் ஏத்துனா அந்த வண்டிக்காரனுக்கு நாம எடுக்கலாம்."

மூக்கன் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெரிடோவை மகன் கையிலிருந்து பிடுங்கினார். கார்டு இருந்த தீப்பெட்டியையும் வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"எனக்குப் போன்ல பேச ஏலாது. நடக்க ஏலும்," என்றார். "அந்தக் கவ்விக்காரன்கிட்டப் போறேன்."

"அப்பா, நாலு மைலு!"

அது அவர் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. நல்லதண்ணிப் பக்கம் நடக்கத் தொடங்கினார். கரண்ட் வந்திருக்குமா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை.

ஜீவராஜ் தன் போனை அவள் கையில் வைத்துவிட்டு பஸ்ஸில் ஏறினான். படியிலிருந்து ஏதோ சொன்னான், எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை. பஸ் வளைவில் திரும்பி மறைந்தது. அந்தப் பக்கம் அப்பாவின் முதுகும் தேயிலைக்குள் போகிற குறுக்குப் பாதையில் மறைந்தது.

லோஜினி பஸ் வந்த வழியே ஓடினாள். சிக்னல் ஒன்றாக வந்தது, இரண்டாக வந்தது. மதகு ஒன்றின் மேல் ஏறினாள். முழுசாக வந்தது. ஒரு அடி இடது பக்கம் வைத்தால் போனது. வலது பக்கம் வைத்தால் வந்தது. அந்த இடத்தில் இரண்டு காலையும் ஊன்றிக்கொண்டாள். ஏரியின் மேல் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் போய்விடும்.

அப்போதுதான் அவள் திரையின் மறு மூலையைப் பார்த்தாள். இந்தப் போனிலிருந்து ஜீவராஜ் காலையிலிருந்தே பத்துப் பேருக்கு அடித்திருந்தான். சார்ஜ் இரண்டு கோடு இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்றானது.